சிறைக்குள் ஒரு கடைத்தெரு



இங்கிலாந்தின் யார்க் நகரில், பழைய சிறைச்சாலை ஒன்றுக்குள் பள்ளிப் பிள்ளைகள் வரலாறு படிக்கிறார்கள். அதுதான் யார்க் காசில் அருங்காட்சியகம்.

இதற்கு வித்திட்டவர் ஜான் கிர்க் என்ற மருத்துவர். பிக்கரிங் என்னும் சிறு நகரில் வைத்தியம் பார்த்தவர். கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மாறிவருவதைக் கண்டு, மக்கள் புழங்கிய அன்றாடப் பொருள்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவற்றுக்கு இடம் தந்தது, கைதிகள் இல்லாமல் கிடந்த பெண்கள் சிறை. 1938இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பக்கத்திலிருந்த கடனாளிகள் சிறையும் பின்னர் அதனுடன் சேர்ந்தது.

உள்ளே நுழையும் பிள்ளைகள் ஒரு முழுத் தெருவில் நடக்கிறார்கள். கல் பாவிய பாதை, மிட்டாய்க் கடை, மருந்துக் கடை என விக்டோரியா காலம் அப்படியே நிற்கிறது. மருத்துவரின் நினைவாக அதன் பெயர் கிர்க்கேட்.

அடுத்து, கடனாளிகள் சிறையின் அறைகள். குதிரைத் திருட்டுக்காக 1739இல் தூக்கிலிடப்பட்ட டிக் டர்பின் என்ற திருடன் அடைபட்டிருந்தது இந்தச் சிறையில்தான். வாங்கிய கடனைக் கட்ட முடியாத ஏழைகளும் இங்கே அடைக்கப்பட்டார்கள். வறுமைக்குச் சிறையா என்ற கேள்வி, அந்தத் தடித்த சுவர்களுக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்குத் தானாகவே எழும்.

ஆசிரியர்களே, பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பொருளின் முன் நின்று, இதை யார் பயன்படுத்தினார்கள், எதற்காக என்று கேட்க விடுங்கள். வரலாற்றுப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.