134/84: எனக்கு பிபி இருக்கா, இல்லையா?

போன மாசம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல என் பிபி 134/84. ரிப்போர்ட்ல 'நார்மல்'. அதே நம்பரை போன் ஆப்ல போட்டா, 'ஸ்டேஜ் 1 ஹைப்பர்டென்ஷன்'னு சிவப்புல காட்டுது. எங்க அப்பாவும் 'நார்மல்' ரிப்போர்ட்டை மடிச்சு பீரோவுல வச்சவர்தான். 52 வயசுல ஸ்டென்ட். அதனால எனக்கு திக்னு ஆயிடுச்சு.

ரெண்டுல எது பொய்? ரெண்டுமே இல்லை. கோட்டை எங்கே போடுறாங்கங்கிறதுதான் வித்தியாசம். இந்தியாவுல அரசுத் திட்டம் 140/90-ஐ எல்லையா வச்சிருக்கு. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017 நவம்பர்ல அதை 130/80-க்கு இறக்கினாங்க. ஒரே நாள்ல யாரோட ரத்தக்குழாயும் மாறலை. ஆனா அங்கே பிபி இருக்கிற பெரியவங்க சுமார் 32 சதவீதத்துல இருந்து 46 சதவீதமானாங்க.

ஏன் இறக்கினாங்க? ஒரு முக்கியக் காரணம், 2015-ல வந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வு. 50 வயசும் அதுக்கு மேலயும், இதய ஆபத்து அதிகமா இருந்த 9,361 பேர். மேல் அளவை 140-க்குக் கீழேன்னு விடாம, 120-க்குக் கீழே கொண்டுபோக முயற்சி பண்ணினவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பாதிப்புகள் கால்வாசி குறைஞ்சது. மயக்கம், சிறுநீரகப் பிரச்சினை கொஞ்சம் கூடுச்சு.

நான் தப்பா நினைச்சது, கோட்டைத் தாண்டினா மாத்திரைன்னு. என்னை மாதிரி, 10 வருஷ ஆபத்து குறைவா இருக்கிறவங்களுக்கு அந்த அமெரிக்க வழிகாட்டியே முதல்ல சொல்றது உப்பு, எடை, உடற்பயிற்சி. அப்புறம் 3-லிருந்து 6 மாசத்துல மறுபடி பார்க்கணும். ஒரே ஒரு தடவை அளந்ததை வச்சும் முடிவு பண்ணக் கூடாது.

அதனால 'நார்மல்'ங்கிற வார்த்தையோட நிறுத்தாதீங்க. பக்கத்துல இருக்கிற நம்பரையும், வீட்டுல யாருக்கு என்ன இருந்ததுங்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் அடுத்த வாரம் போறேன்.