வைரம்போல் மின்னும் கண்ணாடி
ஸ்ட்ராஸ் கற்கள், ஐரோப்பா, 18 முதல் 20ஆம் நூற்றாண்டு வரை

பாரிஸ் நகை வணிகர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்ட்ராஸ் (1701–1773), ஈயம் மிகுந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரத்தின் இடத்தில் வைத்தார். 1734இல் அரசரின் நகைக்காரர் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. போலி என்று தெரிந்தே செல்வந்தர்கள் விரும்பி அணிந்த நகைகள் இவை.

கல்லை அறிய, முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் கண்ணாடியைப் பின்பக்கம் மூடிய குவளையில், அடியில் மெல்லிய உலோகத் தகடு வைத்துப் பதித்தார்கள். ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தத் தகடுதான். ஈரம் புகுந்தால் அது கறுத்து, கல்லும் செத்துவிடும். ஆகவே இத்தகைய நகையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஆனால் மூடிய குவளை மட்டும் சாட்சியாகாது. அக்கால வைரங்களுக்கும் அதே கட்டுதான்.

உருப்பெருக்கி அதிகம் சொல்லும். கண்ணாடியில் பட்டைகளின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். சில கற்களுக்குள் உருண்டையான காற்றுக்குமிழ் தெரியும். வைரத்தின் விளிம்போ எளிதில் கூர் குறையாது. கல்லின் நடுவே கறுப்புப் பொட்டு இருந்தால், அது அடிமுனையில் வேண்டுமென்றே இட்ட மை. ஆழம் காட்டும் கெட்டிக்காரத்தனம்.

1892இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். அதன்பின் கற்கள் ஒரே அளவில், ஒரே ஒழுங்கில் வரத் தொடங்கின. வானவில் பூச்சுள்ள பட்டைக்கற்கள் 1956 வாக்கில் பரவியவை. பழைய புரோச்சில் அப்படியொரு கல் மட்டும் மின்னினால், பின்னாளில் யாரோ மாற்றிப் பதித்திருக்கிறார்கள்.