சுத்திகரித்த கழிவுநீரில் எரிபொருள் பயிர்: நடும் முன் நீரைச் சோதியுங்கள்

நகரத்தை ஒட்டிய ஊர்களில் கிணறு வற்றினாலும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் கோடையிலும் நிற்பதில்லை. அந்த நீரில் கீரை, காய்கறி பயிரிடத் தயங்குவது சரியே. எத்தனால், உயிரி எரிவாயுவுக்கான பயிர்கள் சமையலறைக்கு வராதவை என்பதால் அவற்றுக்குப் பாய்ச்சலாம். ஆனால், சும்மா கிடைக்கிறதே என்று உடனே மடை திறந்துவிடாதீர்கள். பயிர் போனால் ஒரு பருவம் நட்டம். மண் களராகிவிட்டால் மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எந்த நீர் ஏற்றது?

வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்தது மட்டுமே ஏற்றது. சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரைத் தொடவே வேண்டாம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவால் நொய்யல் பாசன நிலங்கள் பட்ட பாடு தெரிந்ததுதான்.

பரிசோதனையில் பார்க்க வேண்டியவை

சுத்தமான பாட்டிலை அதே நீரில் அலசி, ஒரு லிட்டர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

• மின்கடத்தும் திறன் (உப்பின் அளவு): மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் தவிர்ப்பது நல்லது.
• எஞ்சிய சோடியம் கார்பனேட்: லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்ட் வரை பாதுகாப்பு. அதற்கு மேல் 2.5 வரை ஜிப்சம் இட்டுச் சமாளிக்கலாம். அதையும் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது.

உரத்தைக் குறையுங்கள்

இந்த நீரிலேயே தழைச்சத்து இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் 4 கிலோ தழைச்சத்து வரும். எட்டுத் தண்ணீருக்கு 32 கிலோ, அதாவது ஏறக்குறைய 70 கிலோ யூரியாவுக்குச் சமம். இதைக் கழிக்காமல் வழக்கமான உரத்தையும் போட்டால் பயிர் சாய்ந்துவிடும், பணமும் வீண்.

எந்தப் பயிர்?

• இனிப்புச் சோளம்: தண்டுச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கலாம். சுமார் நான்கு மாதப் பயிர். வெட்டிய தண்டை உடனே பிழிய வேண்டும் என்பதால் ஆலை அருகில் இருப்பது அவசியம்.
• கம்பு நேப்பியர்: உயிரி எரிவாயு ஆலைகளுக்கு ஏற்றது. முதல் அறுவடைக்குப் பின் 45 நாட்களுக்கு ஒருமுறை வெட்டலாம். ஆலைக்கென வளர்த்ததை மாட்டுக்குப் போடாதீர்கள்.
• புங்கம்: உவர் தாங்கும், ஆனால் காய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பாசனத்தில் கவனம்

தெளிப்பு நீர் வேண்டாம். பார் பாசனமோ சொட்டுநீரோ போதும். சொட்டுநீர் என்றால் மணல் வடிகட்டி கட்டாயம். குடிநீர்க் கிணற்றை ஒட்டிப் பாய்ச்சாதீர்கள். வேலை செய்பவர்கள் ரப்பர் காலணி, கையுறை அணியட்டும். உப்பு தங்காமலிருக்க வடிகால் அமையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மண்ணையும் சோதியுங்கள்.

வாங்குபவரை முதலில் உறுதி செய்யுங்கள்

2000-களில் பேச்சை நம்பிக் காட்டாமணக்கு நட்டவர்கள் பலர், விளைச்சலும் இல்லாமல் வாங்க ஆளும் இல்லாமல் பிடுங்கி எறிந்தார்கள். அதனால் விலை, எடை, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை ஆலையிடம் எழுத்தில் வாங்கிய பிறகே நிலத்தை உழுங்கள். முதல் ஆண்டு அரை ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள்.