வீரர் குழுவும் கதையுலகும்

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் அதிமானிட வீரர் பலர், தத்தமக்குரிய சஞ்சிகைகளில் தனித்தனியே தோன்றியவர்கள். அவரனைவரும் ஒரே உலகில் வாழ்பவர் என்னும் எண்ணத்தை வாசகர் உள்ளத்தில் ஊன்றியது யாது? வீரர் குழுவே எனலாம்.

1940ஆம் ஆண்டின் இறுதியில், 'ஓல் ஸ்ரார் கொமிக்ஸ்' என்னும் சஞ்சிகையின் மூன்றாம் இதழில், வெவ்வேறு சஞ்சிகைகளுக்குரிய வீரர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து தத்தம் அனுபவங்களை எடுத்துரைத்தனர். 'ஜஸ்ரிஸ் சொசைற்றி' என்னும் முதற்குழு இவ்வாறு பிறந்தது. தம் பெயராலேயே தனிச் சஞ்சிகை பெற்ற வீரர், குழுவினின்றும் விலகிக் கௌரவ உறுப்பினராதல் தொடக்கத்தில் ஆங்கு வழக்கமாயிருந்தது. அதிகம் அறியப்படாதோரை வாசகர்க்கு அறிமுகஞ் செய்தலும் குழுவின் பணியாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

மார்வெல் நிறுவனம் 1963இல் தொடங்கிய 'அவெஞ்சர்ஸ்' குழுவில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தோர், அயன் மன் முதலியோரின் தனிக்கதைகள் வேறு சஞ்சிகைகளில் வெளிவந்தமையால், அவர்தம் வாழ்வைக் குழுக்கதை தன் விருப்பின்படி மாற்றுதல் அரிதாயிற்று. 1965இல் வெளிவந்த பதினாறாம் இதழில் பழைய உறுப்பினர் நீங்க, கப்ரன் அமெரிக்காவின் தலைமையில் ஹோக்கை, குயிக்சில்வர், ஸ்கார்லற் விச் என்னும் மூவர் புகுந்தனர். இவர்கள் முன்னர்ப் பகைவர் பக்கம் நின்றவர்கள். தமக்கெனச் சஞ்சிகை இல்லாதவர்கள். ஆதலின், அவர்தம் பிணக்கும் மனமாற்றமும் குழுக்கதையிலேயே வளர இடமுண்டாயிற்று.

புகழ்பெற்றோர் குழுவுக்கு வாசகரைத் தேடித் தருவர்; குழுவோ புகழில்லாதோர்க்கு வாழ்வளிக்கும். வலியோரைக் கூட்டுவதினும், எளியோரை வளர்ப்பதே குழுவின் தலையாய பயன் என்க.