பேரனை வளர்க்கும் பாட்டிக்கு பென்ஷன் கூடுமா?
பிள்ளை பேரில் தனிப் பணம் உண்டு!

செங்கல்பட்டு,–

தாய்–தகப்பன் இல்லாத பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, தாத்தாக்களுக்கு முதியோர் பென்ஷனில் கூடுதல் பணம் கிடையாது. ஆனால் பிள்ளைக்கென்று தனியாக மாதப் பணம் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:–

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962–ல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. வீட்டில் ஒரு வாயோ, மூன்று வாயோ, தொகை ஒன்றுதான்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. வேலைக்குப் போகும் மகளின் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், பென்ஷன் வயது வராத பாட்டிக்கு அந்தக் காலமும் பென்ஷன் கணக்கில் சேரும். 2011 முதல் இப்படி.

மாதம் ரூ.4,000

இங்கே மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் தரலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72 ஆயிரம், நகரத்தில் 96 ஆயிரத்துக்குள் இருக்கணும். கமிட்டி விசாரித்துத்தான் கொடுக்கும்.

மாநில அரசும் 2025 செப்டம்பர் 15–ல் ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. இதில் மாதம் 2,000 ரூபாய்.

எங்கே போவது?

மாமல்லபுரம் குப்பத்துப் பாட்டி, பென்ஷனுக்கு திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீசுக்குப் போகணும். பிள்ளைப் பணம் அங்கே இல்லை. செங்கல்பட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கணும். பெற்றோர் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று கையோடு இருக்கட்டும். விவரம் கேட்க 1098–க்கு போன் போடலாம்; காசு கிடையாது.

பிள்ளைக்கு 18 வயது தாண்டினால் கதவு மூடிவிடும். பாட்டிமார்களே, தள்ளிப் போடாதீங்க!