உதடு படாத சீவாளி

நாதசுர வித்துவான் சீவாளியை உதடுகளுக்கிடையே பிடித்து, இறுக்கியும் தளர்த்தியும் சுருதியைச் சரிசெய்துகொண்டே வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். குடியரசு நாள் அணிவகுப்பில் நம் இராணுவத்தினர் வாசித்துச் செல்லும் ஸ்காட்லாந்து நாட்டு வாத்தியமான பேக்பைப்பிலோ நான்கு சீவாளிகள் உண்டு. ஆனால் வாசிப்பவரின் உதடு அவற்றில் ஒன்றின்மீதும் படுவதில்லை! அப்படியானால் சுருதி சேர்ப்பது எப்படி? எல்லாவற்றையும் வாசிக்கத் தொடங்குமுன்பே செய்து முடித்துவிட வேண்டும்.

வாசிப்பவர் ஊதும் காற்று, அக்குளில் இடுக்கிய பையை நிரப்புகிறது. பையை அழுத்தினால் காற்று நான்கு குழல்களுக்குள் பாய்கிறது. விரல் வைத்து வாசிக்கும் துளைக்குழலுக்குச் ‘சேன்டர்’ என்று பெயர். தோள்மேல் நீண்டிருக்கும் மற்ற மூன்றும் ஓயாமல் ஒலிக்கும் சுருதிக்குழல்கள். குழல்கள் பையோடு சேருமிடத்தில், உள்ளே மறைவாகச் சீவாளிகள் இருக்கின்றன.

சேன்டரின் சீவாளி நம் நாதசுரச் சீவாளிக்கு உறவுதான். இரு நாணல் பட்டைகளை ஒரு சிறு உலோகக் குழாயின்மேல் வைத்து, மெழுகிட்ட நூலால் கட்டியிருப்பார்கள். இதை அதிர வைக்கச் சுமார் 50 முதல் 75 செ.மீ. உயர நீர்த் தம்பத்தின் அழுத்தம் வேண்டும். கன்னம் உப்ப ஊதுவது வேடிக்கைக்காக அல்ல என்பது இப்போது புரிகிறதல்லவா?

இனி ஒரு சிறு கணக்கு. சேன்டரின் ஆதார சட்ஜம் இக்காலத்தில் சுமார் 480 ஹெர்ட்ஸ். அதற்கு ஒலிக்கும் காற்றுத் தம்பத்தின் பயனுறு நீளம் ஏறத்தாழ 36 செ.மீ.; மேல் சட்ஜத்திற்கு அதில் பாதி, 18 செ.மீ. சீவாளியை 2 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். கீழ்ச் சுரத்தின் தம்பம் 180-இல் ஒரு பங்கு குறைகிறது. மேல் சுரத்தின் தம்பமோ 90-இல் ஒரு பங்கு! ஆகவே மேல் சுரத்தின் சுருதி இரு மடங்கு விகிதத்தில் ஏறுகிறது. மேல் சுரங்கள் இறங்கி ஒலித்தால் சீவாளியை உள்ளே தள்ளுவதும், ஏறி ஒலித்தால் வெளியே இழுப்பதும் இதனால்தான். சீவாளியின் அடியில் சுற்றிய நூலை ஒரு சுற்றுக் குறைத்தாலோ கூட்டினாலோ அது வேண்டிய ஆழத்தில் இறுகி நிற்கும். ஒரே ஒரு சுரம் மட்டும் ஏறியிருந்தால், அதன் துளையின் மேல்விளிம்பில் சிறிது டேப் ஒட்டினால் போதும்.

ஊத முடியாதபடி சீவாளி கடினமாக இருந்தால், நூல்கட்டுக்குச் சற்று மேலே பட்டைகளை விரலால் மெல்ல அழுத்தி வாயைக் குறுக்கிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் கத்தி அல்லது உப்புத்தாள். ஓரிரு முறை தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். சுரண்டிய நாணலைத் திரும்ப ஒட்ட முடியாது. அவசரக்காரர் கையில் நல்ல சீவாளிகள் வீணாவது இங்கேதான்.

சுருதிக்குழலின் சீவாளி வேறு வகை. பாம்பாட்டியின் மகுடியில் உள்ளதுபோல ஒற்றை நாக்கு உடையது. நாக்கின்மேல் ஒரு கட்டு இருக்கும். அதை நாக்கின் நுனிப்பக்கம் நகர்த்தினால் அதிரும் பகுதி குறுகிச் சுருதி ஏறும். நுண்ணிய திருத்தத்திற்குக் குழலையே நீட்டிக் குறுக்கலாம். ஒரு குழல் 240, மற்றொன்று 237 ஹெர்ட்ஸில் ஒலித்தால் வினாடிக்கு 3 விம்மல்கள் கேட்கும். நீங்கள் பாடநூலில் படிக்கும் அதே விம்மல்! விம்மல் மெதுவாகி, அறவே மறையும்வரை குழலைத் திருகிச் சரிசெய்கிறார்கள்.

இத்தனை செய்தும், மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் குலைத்துவிடும். காய்ந்த நாணல் விறைத்து நிற்கும். ஈரம் மிகுந்தால் ஊறிப் பருத்து, சுருதிக்குழல் ஊமையாகிவிடுவதும் உண்டு. அதனால் இன்று பலர் சுருதிக்குழல்களுக்குச் செயற்கைப் பொருளாலான சீவாளிகளையும், ஊதுகுழலின் அடியில் நீர் தேக்கும் அமைப்பையும் பயன்படுத்துகிறார்கள். சேன்டருக்கு மட்டும் பெரும்பாலோர் இன்னும் நாணலையே நாடுகிறார்கள். வாசித்து முடித்ததும் சேன்டரைப் பையிலிருந்து கழற்றி, சீவாளியின்மேல் காற்றுத் துளையுள்ள ஒரு மூடியைப் பொருத்துவார்கள். துளையில்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூடியே இல்லாவிட்டால் நாணல் ஒரேயடியாகக் காய்ந்து, மறுநாள் முரண்டு பிடிக்கும்.