பொறியில் விழும் ஆண் பூச்சி

பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் தக்காளிப் பெட்டி இறங்கியதும் வியாபாரியின் கண் முதலில் சொத்தையைத்தான் தேடும். காம்போரம் ஓட்டை விழுந்த காய் நாலு தென்பட்டாலே விலை இறங்கிவிடும். ஆனால் அந்தக் காய்க்கான சேதம் அதற்குப் பல நாள் முன்னரே தொடங்கிவிட்டது. இருட்டில் வயலுக்கு வந்த அந்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டுப் போயிருக்கிறது. புழு காய்க்குள் புகுந்த பிறகு எவ்வளவு மருந்தடித்தாலும் அதன்மேல் படுவது அரிது. பூச்சி எப்போது வந்தது என்பது தெரிந்திருந்தால் காயைக் காப்பாற்றியிருக்கலாம். அதைத் தெரிவிக்கத்தான் இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது.

பெண் அந்துப்பூச்சி தன் வயிற்று நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து மிகச் சிறிதளவு வாசனையைக் காற்றில் விடும். ஆண் பூச்சி உணர்கொம்பால் அதைப் பிடித்து, காற்றுக்கு எதிராகப் பறந்து பெண்ணிடம் போய்ச் சேரும். இப்படிப்பட்ட வாசனைப் பொருள் ஒன்றை உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு, ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள். 1959இல் அவர் கையில் கிடைத்தது சில மில்லிகிராம்தான். பெண் பூச்சியின் வாசனை ஏற்றி, இன்று உழவர்கள் பொறியில் மாட்டும் சிறிய ரப்பர் குப்பி அந்த உழைப்பின் வழி வந்தது.

தக்காளியின் பழைய எதிரியான பச்சைக் காய்ப்புழுவுக்கு, அதாவது ஹெலிகோவெர்ப்பாவுக்கு, இந்த வாசனை முக்கியமாக இரண்டு பொருள்களின் கலவை. ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு ஒன்று, மூன்று பங்கு மற்றொன்று. விகிதம் பெரிதாகப் பிசகினால் ஆண் திரும்பிப் பார்க்காது. ஓர் இனத்தின் குப்பி இன்னோர் இனத்தை ஈர்க்காததும் இதனால்தான். வயலில் உலவும் தேனீயும் பொறிவண்டும் இந்தப் பொறிக்கு இரையாவதில்லை. விளக்குப் பொறி அப்படியல்ல. வெளிச்சத்துக்கு வரும் நல்ல பூச்சிகளும் அதில் மாண்டுபோகும். அதை முன்னிரவோடு அணைத்துவிட வேண்டும்.

எக்டருக்கு 12 பொறி, ஏக்கர் கணக்கில் ஐந்து, என்பது காய்ப்புழுவுக்கான பரிந்துரை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். பொறியின் பையில் பூச்சி குவிந்தால் பயிர் தப்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். விழுந்தவை எல்லாம் ஆண்கள். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், அந்தப் பெண்கள் முட்டையிடும். ஆகவே பை நிறைவது, வயலில் முட்டை விழுகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. அடுத்தடுத்த நாள்களில் பூச்சி கூடினால் உச்சிப் பூங்கொத்துக்குக் கீழுள்ள இலைகளைப் புரட்டிப் பாருங்கள். தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர் மஞ்சள் முட்டைகள் தெரியும். அவை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும்.

அந்தச் சில நாள்களுக்குள் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. டிரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி, காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு வெளிவந்த பிறகு அந்தக் குளவியால் பயனில்லை. என்.பி.வி. என்னும் வைரஸ் கரைசல் இளம்புழுவைத்தான் நன்றாகக் கொல்லும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். நோய்கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். இரண்டு முறைகளும் நாள் தவறினால் வீண். பொறியைப் பார்க்காமல் இவற்றை வாங்கிவிட்டு, 'இயற்கை முறை எடுபடவில்லை' என்று சொல்வது நியாயமல்ல.

2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்ட ஊசிப்புழு இன்னும் கெட்டிக்காரப் பூச்சி. தென் அமெரிக்கா இதன் பிறப்பிடம். டூட்டா அப்சொலூட்டா என்ற அறிவியல் பெயரால் பரவலாக அறியப்படுவது. இலையின் இரு தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தைத் தின்னும், காயில் ஊசிமுனை அளவு துளையிடும். ஒரு பெண் 260 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் மூன்றரை வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆணோடு சேராத பெண்ணின் முட்டையும் பொரிவதை 2012இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டார்கள். ஆண்களைப் பிடித்தே இந்த இனத்தை ஒழித்துவிடலாம் என்ற கணக்கு இதனால் இன்னும் வலுவிழக்கிறது. பல நாடுகளில் இது பல பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறனும் பெற்றுவிட்டது. தேவையறிந்து மட்டும் மருந்தடிப்பது இங்கே கட்டாயமாகிறது.

ஊசிப்புழுவுக்குத் தண்ணீர்ப் பொறி நன்றாக வேலை செய்கிறது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்புக் கரைசலோ எண்ணெயோ விட்டு, மேலே குப்பியைத் தொங்கவிட்டால் போதும். ஒட்டும் அட்டையைப் போலப் புழுதி படிந்து இது கெடாது; தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குப்பியின் வாசனை சில வாரங்களில் தீர்ந்துவிடும், உறையில் எழுதியபடி மாற்றுங்கள். இரண்டு இனத்தின் குப்பிகளை ஒரே பொறியில் மாட்டாதீர்கள். ஒன்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடவும் வேண்டாம். வாசனை கலந்தால் இரண்டுமே வீணாகும்.

பொறியோடு துணைப்பயிரும் சேர்ந்தால் பலன் கூடும். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி என்பது பரிந்துரை. நாற்பது நாள் செண்டுமல்லி நாற்றையும் இருபத்தைந்து நாள் தக்காளி நாற்றையும் ஒரே நேரத்தில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும். காய்ப்புழுப் பூச்சி செண்டுமல்லியைத் தேடிப்போய் முட்டையிடும்.

அந்துப்பூச்சிக்கு வரப்பு கிடையாது. ஒருவர் வயலில் மட்டும் பொறி வைப்பதைவிட, ஊரில் தக்காளி போட்டவர்கள் எல்லாரும் வைத்து, விழுந்த எண்ணிக்கையை ஒரே நோட்டில் எழுதி வருவது பல மடங்கு பயன் தரும். எத்தனை விழுந்தால் நடவடிக்கை எடுப்பது என்பதை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நாற்று நட்ட வாரத்திலேயே பொறியையும் வையுங்கள். பக்கத்து வயல்காரரையும் வைக்கச் சொல்லுங்கள்.